கடலில்லா ஊரின் சப்மரீன்காரி

மஸாஹிரா பணிஸ் ரொட்டியைக் காதோரம் வைத்து இரண்டு விரலால் அமுக்கிப் பார்க்கிறார். லேசாகச் சரசரத்தால் அது நேற்றுச் சுட்டது. அப்போதே பேக்கரிக்குத் தொலைபேசி போகும், பேக்கரிக்காரர் வாங்கிக் கட்டிக்கொள்வார். சத்தம் வராவிட்டால் முகம் மலர்ந்து மேசையில் வைப்பார். "புதுப் பணிஸ் வாயத் தொறக்காது டீச்சர். பழசுதான் பேசிக்கிட்டே ஈக்கும், எங்கட சொந்தக்காரங்க மாதிரி" என்பார்.

அடுத்தது கத்தி. நீளப் பணிஸின் ஒரு விலாவைக் கீறிக்கொண்டே போய், மறு விலாவைத் தொடுவதற்குள் நிறுத்திவிடுவார். அந்தக் கத்தி தவறி மறுபக்கம் வந்து நான் பார்த்ததில்லை. ஒருநாள் உதவி செய்கிறேன் என்று நான் கீறிய பணிஸ் இரண்டாகப் பிரிந்து விழுந்தது. அதை எடுத்து என் கையிலேயே தந்தார். "இது சேன்ட்விச், நீங்களே தின்னுங்கொ. ஒரு பக்கம் ஒட்டி ஈந்தாத்தான் சப்மரீன். உள்ளுக்கு என்ன ஈக்கிது எண்டு வெளிய தெரியப்படாது."

உள்ளே இருப்பது அவித்துப் பிய்த்த கோழி, மிளகுத்தூள், பொடியாக அரிந்த கரட், லீக்ஸ், கெக்கரிக்காய் வட்டங்கள், ஒரு சலாது இலை, தாராளமாக மயோனிஸ். கண்டியில் சப்மரீன் என்றால் யாரும் கடலை நினைப்பதில்லை. கடைக் கண்ணாடிப் பெட்டியில் ரோல்ஸுக்கும் பற்றீஸுக்கும் பக்கத்தில் படுத்திருக்கும் இந்த நீளப் பணிஸைத்தான் நினைப்பார்கள். மடவளையிலும் கட்டுகஸ்தோட்டையிலும் பல கடைகளில் படுத்திருப்பவை மஸாஹிராவின் சமையலறையிலிருந்து போனவைதான். கணவர் பஹீம் காலையில் அவற்றைத் தன் த்ரீவீலின் பின் ஆசனத்தில் ஏற்றி, குழந்தைகளைக் கூட்டிப்போவது போலப் பள்ளங்களில் மெதுவாக இறக்கி ஏற்றிக் கொண்டுபோவார்.

நான் அந்த வீட்டின் மேல்மாடியில் குடியிருக்கிறேன். ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, கட்டுகஸ்தோட்டைப் பள்ளிக்கூடமொன்றில் படிப்பிக்க வந்தவள். எல்லோரையும் போல நானும் அவரைத் தாத்தா என்றுதான் கூப்பிடுகிறேன். இங்கே முஸ்லிம் வீடுகளில் தாத்தா என்றால் அக்கா. "தாத்தா கோழி பிய்க்கிறாங்க, நான் பக்கத்துல இருந்து கதைச்சிக்கிட்டு இருக்கேன்" என்று ஒருதடவை அம்மாவுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு, அரை மணித்தியாலம் விளக்கம் கொடுத்தேன்.

உண்மையான நீர்மூழ்கிக் கப்பலை மஸாஹிரா தொலைக்காட்சியில்தான் கண்டிருக்கிறார். ஆனாலும் அதன்மேல் அப்படியொரு பிரியம். கண்டி வாவியில் குடும்பத்தோடு படகில் போனபோது, "தம்பி, இது உள்ளுக்குப் போகாதா?" என்று ஓட்டியவரைக் கேட்டாராம். "போனா திரும்பி வராது நோனா" என்றாராம் அவர். "பாத்தீங்களா, அரைவாசிதான் கண்டுபுடிச்சி வச்சீக்கிறாங்க" என்று இன்றைக்கும் அந்தப் படகைக் குறை சொல்கிறார்.

சப்மரீன் என்ற அந்த ஒரு சொல்லை வைத்தே அவர் குடும்பம் நடத்துகிறார் என்றும் சொல்லலாம். கிணற்றுக்குள் இறக்கிய நீர்ப்பம்பியின் சரியான பெயரை மெக்கானிக் எத்தனை முறை சொல்லிக் கொடுத்தும், அது அவருக்குச் சப்மரீன் மோட்டார்தான். மழைக்கு எல்லா யன்னலையும் இழுத்துச் சாத்திக்கொண்டு வியர்வையும் ஈரக்குடையுமாக வரும் மடவளை பஸ் சப்மரீன் பஸ். வாட்ஸ்அப் குழுவில் எல்லாவற்றையும் வாசித்துவிட்டு ஒரு பதிலும் போடாத கொழும்பு மச்சி சப்மரீன் மச்சி. நோன்பு நாளில் விடியுமுன் உண்ணும் சஹர் சாப்பாட்டுக்குப் பிறகு பஹீம் போர்வைக்குள் போனால், "வாப்பா தாண்டுட்டார், பின்னேரம் அஸருக்குத்தான் மேல வருவார்" என்று மகளுக்கு அறிவிப்பார். பஹீமும் கோபிப்பதில்லை. போர்வைக்குள்ளிருந்து ஒரு கையை மட்டும் உயர்த்திக் காட்டுவார்.

இன்னொரு பொருளும் உண்டு. அதை எழுதலாமா என்று தயங்கி அவரிடமே கேட்டேன். "எழுதுங்கொ டீச்சர். அல்லா தந்த சலுகய ஒளிச்சி ஒளிச்சி நாங்கதான் கஷ்டப்படுற" என்றார். கேட்க வேண்டிய மற்றவர்களிடமும் கேட்டுவிட்டேன், பெயர்களையும் கொஞ்சம் புரட்டிப் போட்டிருக்கிறேன். விஷயம் இதுதான். மாதத்தின் அந்த நாட்களில் பெண்களுக்கு நோன்பு இல்லை. பிறகு வேறு நாட்களில் பிடித்துக்கொள்ளலாம். யாரும் ஒன்றும் சொல்லப் போவதில்லை. இருந்தாலும் நோன்போடு இருக்கும் வாப்பாவின் முன்னால் உட்கார்ந்து சோறு சாப்பிட எந்த மகளுக்கு மனம் வரும்? அதனால் மறைவில் சாப்பிடுவார்கள். அந்த நாட்களில் மகள் நதா காலையில் சமையலறைக்கு வந்து, தாயின் காதில் "உம்மா, நான் சப்மரீன்" என்பாள். தாய் தலையாட்டுவார். அதோடு விஷயம் முடிந்தது.

மறைவிடம் பிரிஜ். அது சமையலறை வாசலை ஒட்டி நிற்கிறது. கதவைத் திறந்தால் ஹோலில் இருப்பவர்களுக்கு உள்ளே நிற்பவரின் கால்கள் மட்டும்தான் தெரியும். நதா அங்கே நின்று வாழைப்பழம் தின்னும்போது பஹீம் ஹோலிலிருந்து, "என்ன மகள் தேடுற?" என்று கேட்பார். "தேசிக்காய் வாப்பா" என்று எலுமிச்சையைச் சொல்லிப் பதில் வரும். இந்த வீட்டில் நோன்பு மாதத்தில் தேசிக்காய் ஏன் இவ்வளவு தொலைகிறது என்று பஹீம் என்னிடம் ஒருமுறை உண்மையான கவலையோடு விசாரித்தார். நான் பாட விஷயமாக ஏதோ யோசிப்பது போல மேலே ஏறிப் போய்விட்டேன்.

நோன்பு மாதத்தில் மஸாஹிராவுக்குத் தொழில் இரண்டு மடங்கு. நோன்பு திறக்கக் கஞ்சியோடு சப்மரீனும் வேண்டும் என்று எல்லாப் பக்கமிருந்தும் கேட்பார்கள். ஒரே சிக்கல் உப்பு. தேவையென்றால் நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடலாம் என்று பள்ளிவாசல் ஹஸ்ரத் சொல்லியிருக்கிறார். "அவர் சொல்றது சரிதான் டீச்சர். ஆனா என்ட நாக்குக்குத் துப்பத் தெரியா. போட்டா முழுங்கிரும்" என்பார் மஸாஹிரா. ஒரு வருடம் கஞ்சியை ருசி பார்க்கப்போய், பழக்க தோஷத்தில் விழுங்கிவிட்டு, நாள் முழுக்க அழுதாராம். அதற்குப் பிறகு நோன்புக் காலத்தில் தன் சமையல் எதுவும் தன் நாக்கில் படுவதில்லை.

நாக்கை இரவல் வாங்குகிறார். பக்கத்து வீட்டு றீற்றாதான் அந்த நாக்கு. அம்பிட்டிய பக்கத்தில் பிறந்து மடவளைக்கு வாழ வந்த கத்தோலிக்கப் பெண். மதில் மேலாக ஒரு கரண்டி போகும். மதிலுக்கு அப்பாலிருந்து, "உப்பு கொஞ்சம் பத்தாதுங்க தாத்தா" என்றோ, "நச்சுனு இருக்குங்க" என்றோ தீர்ப்பு வரும். றீற்றா இல்லாவிட்டால் நான். எனக்கு உப்பில் அவ்வளவு நுணுக்கம் போதாது என்பது மஸாஹிராவின் அபிப்பிராயம். நான் அதை எதிர்த்து வாதாடியதில்லை.

இனி கம்பளைக்காரர்கள் வந்த கதை. நதா பேராதனையில் படித்த காலத்தில் ஷிஹாப் என்ற கம்பளைப் பையனைத் தெரிந்துகொண்டாள். இப்போது அவன் கொழும்பில், கடலுக்கடியில் ஓடும் இன்டர்நெட் கேபிள்களைப் பராமரிக்கும் ஒரு கம்பனியில் வேலை செய்கிறான். இதைக் கேட்டதும் மஸாஹிரா கையிலிருந்த கோழியை வைத்துவிட்டுச் சிரித்த சிரிப்பு மாடி வரை கேட்டது. "கடலுக்கு உள்ளுக்கா? அப்ப நம்மட லைன்தான்."

சிரிப்புக்கு நடுவே ஒரு பயமும் இருந்தது. ஷிஹாப்பின் தாய் சித்தி றலியா. கணவர் காலமான பிறகு பிள்ளைகளைத் தனியாக வளர்த்து ஆளாக்கியவர். அவருடைய சொல்லை மீறி ஷிஹாப் கலியாணம் செய்யமாட்டான். அதை அவனே நதாவிடம் சொல்லியிருந்தான். றலியாவோ ஏற்கெனவே பெண் பார்க்கப் போன இரண்டு வீட்டில் வாய் திறக்காமல் எழுந்து வந்தவர். ஒரு வீட்டில் புரியாணிக்கு உப்புக் கரித்ததாம். மற்ற வீட்டில் என்ன குறையென்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. "அவங்க வேணாம் எண்டா நான் வேற எவரையும் பாக்க மாட்டேன் உம்மா. என்னய கேக்கவும் கூடாது" என்று நதா சொல்லிவிட்டாள். அவள் சும்மா சொல்கிறவள் இல்லை. மஸாஹிரா சஹரிலும் சரியாகச் சாப்பிடாமல் மெலியத் தொடங்கினார்.

றலியா, மகன், மகள் ஆஸிகா மூவரும் நோன்பு திறக்க வருவதாக முடிவானது. புரியாணிக்கு ஆள் பிடிக்கட்டுமா என்று பஹீம் கேட்டார். மஸாஹிரா அவரை மேலும் கீழும் பார்த்தார். "மாப்பிளட தொழிலும் சப்மரீன், பொண்ணுட உம்மாட தொழிலும் சப்மரீன். நடுவுல புரியாணிக்கு என்ன வேல?"

வந்த நாள் வெள்ளிக்கிழமை. அன்று மத்தியானம் பள்ளிக்கூடம் விட்டு வந்து சமையலறையில் உட்கார்ந்திருந்தேன். மஸாஹிரா பெரிய தாச்சியில் கோழியைக் கிளறிக்கொண்டிருந்தார். உப்புப் போத்தலைத் திறந்த நேரம் தொலைபேசி அடித்தது. கம்பளையிலிருந்து றலியாவே பேசினார். நோன்பு திறக்கும் மஃரிபை அண்டி வருவதாகச் சொன்னவர்கள் அதற்கு முந்திய அஸர் தொழுகைக்கே வருகிறார்களாம். மஸாஹிரா "வாங்க வாங்க, சந்தோசம், இது ஒங்கட வீடு" என்று மலர மலரப் பேசிக்கொண்டே சமையலறையைச் சுற்றி நடந்தார். பேசி முடித்து வந்து தாச்சியைப் பார்த்தார், போத்தலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கரண்டி உப்புப் போத்தலுக்குள் நேராக நின்றுகொண்டிருந்தது.

"டீச்சர், நான் உப்புப் போட்டேனா?"

நான் அங்கேதான் இருந்தேன். கண்ணும் தாச்சிப் பக்கம்தான் இருந்தது. ஆனால் காது முழுவதும் கம்பளைப் பேச்சில் இருந்ததால் கண் ஒன்றையும் எனக்குச் சொல்லவில்லை. "தெரியலையே தாத்தா" என்றேன். "அல்லாட காவல்" என்று அவர் அடுப்பை அணைத்தார்.

மதிலுக்கு அப்பால் கரண்டி போனது. றீற்றா வந்து எட்டிப் பார்த்தாள், கரண்டியைப் பார்த்தாள், இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள். "ஐயோ தாத்தா, தவக்காலத்து வெள்ளிக்கிழமைங்க. இன்னைக்கு எங்களுக்கு மாமிசம் ஆகாதுங்களே." இந்த வருடம் நோன்பும் தவக்காலமும் ஒன்றாக வந்திருந்தன. அதை நாங்கள் இருவருமே மறந்திருந்தோம். குழம்பை மட்டும் தொட்டுப் பார்க்கலாமா என்று நான் கேட்டேன். "கோழி குளிச்ச தண்ணியும் கோழிதாங்க டீச்சர்" என்றாள் றீற்றா.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். அப்போதுதான் எனக்கும் உறைத்தது. அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, வெள்ளிக்கிழமைகளில் மச்சம் மாமிசம் தொடுவதில்லை என்று நான் நேர்த்தி வைத்திருந்தேன். மூன்று வீட்டுக்காரர், மூன்று சமயம், ஒரு தாச்சிக் கோழி. அதைத் தொடக்கூடிய ஒரு நாக்கு அந்த மதிலின் இரண்டு பக்கமும் இல்லை. றீற்றாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு எனக்கும். மஸாஹிரா முறைத்துப் பார்த்துவிட்டு, தானும் தாங்கமாட்டாமல் அடுப்படியில் குந்திச் சிரித்தார்.

பஹீமைக் கேட்கலாமே என்றேன். "அவர்ட வாய்க்குள்ள போனது வெளிய வந்த சரித்திரம் இல்ல" என்றார். நதாவைக் கூப்பிட்டார். "மகள், நீ சப்மரீனா?" என்று ஆவலோடு கேட்டார். "இல்ல உம்மா, நான் போன கிழமையே மேல வந்துட்டேன்" என்றாள் அவள். நிலைமையைச் சொன்னதும், நாக்கு நுனியில் ஒரு துளி வைத்துத் துப்பிவிட்டு, "எனக்கு ஒண்டுமே வெளங்கல்ல உம்மா, எல்லாம் கசக்குது" என்று கண் கலங்கி மாடிக்கு ஓடிவிட்டாள். வீட்டுப் பூனைக்கும் ஒரு துண்டு வைத்தோம். அது தின்றுவிட்டு இன்னும் கேட்டது. சோப்பையும் நக்கும் பூனை அது, அதன் சாட்சி செல்லாது.

"கூடிட்டா எடுக்க வழியில்ல டீச்சர்" என்று மஸாஹிரா உப்புப் போத்தலை மூடினார். ஏற்கெனவே ஒரு வீட்டை உப்புக் கரித்ததால்தானே றலியா வேண்டாமென்றார். எனக்கு மனம் கேட்கவில்லை. நதாவின் அழுத கண் ஞாபகத்தில் நின்றது. சாமி என்னை மன்னிக்கும் என்று சொல்லிக் கரண்டியை எடுத்தேன். மஸாஹிரா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். சிரிப்பு போய்விட்டிருந்தது. "என்ட வேலைக்கு ஒங்கட நேர்த்திய ஒடைக்கவா? ஏலா. அந்தக் கணக்க ஒங்கட சாமிக்கிட்ட நான் எப்பிடி சொல்ற?" என்று கரண்டியை வாங்கிக் கழுவி வைத்தார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

அப்படியே பணிஸ்களை நிரப்பினோம். எனக்கும் றீற்றாவுக்கும் கோழி இல்லாமல், கரட்டும் சீஸும் வைத்து இரண்டு தனியாகச் செய்து, பல் குத்தும் குச்சி குத்தி அடையாளம் வைத்தார். அந்த அவசரத்திலும் அதை அவர் மறக்கவில்லை. எல்லாவற்றையும் தட்டில் அடுக்கிப் பிரிஜில் வைத்துக் கதவைச் சாத்தினார். "இனி அல்லாட பொறுப்பு" என்று முகம் கழுவப் போனார்.

சித்தி றலியா பெரிய உருவம். கறுப்பு அபாயா, தங்கக் கரைக் கண்ணாடி, மடியில் ஒரு பெரிய கைப்பை. கதிரையில் முதுகு படாமல் உட்கார்ந்தார். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார். ஷிஹாப் கடலடிக் கேபிள்களைப் பற்றிச் சொல்லச் சொல்ல, மீன்கள் அதைக் கடித்தால் நமக்கு வாட்ஸ்அப் வராதா என்று பஹீம் கேட்டுக்கொண்டிருந்தார். ஆஸிகா நல்ல பிள்ளை, கலகலவென்று பேசினாள். "எங்கட உம்மா இந்த வயசுலயும் ஒரு நோம்பு விட்டதில்ல. சின்ன வயசுல இருந்தே அப்பிடித்தான்" என்று பெருமையாகச் சொன்னாள். றலியா கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து, மஸாஹிரா கட்லட் பொரித்துக்கொண்டிருக்க, நான் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தேன். றலியா சமையலறைக்குள் வந்தார். தொழுகைக்கு ஒளுச் செய்யத் தண்ணீர் எங்கே என்று கேட்டார். பின்கதவைக் காட்டினேன். அவர் அந்தப் பக்கம் போகவில்லை. எண்ணெய் இரையும் சத்தத்துக்குள் பிரிஜ் கதவு திறந்த சத்தம் கேட்டது. பிறகு அது மூடவேயில்லை.

மஸாஹிரா திரும்பிப் பார்த்தார். கதவின் கீழே அபாயாவின் ஓரமும் இரண்டு பாதங்களும் அசையாமல் நின்றன. பிரிஜில் பொருள் தேடுகிறவரின் பாதங்கள் அப்படி நிற்காது. அந்த நிற்பு மஸாஹிராவுக்கு நன்றாகத் தெரியும். அவர் அடுப்பின் நெருப்பைக் குறைத்தார். கிட்டப் போகாமல், நின்ற இடத்திலிருந்தே தாழ்ந்த குரலில் கேட்டார்.

"தாத்தா, குடிக்கத் தண்ணி தரவா?"

 கதவுக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது. "ரத்தத்துல சீனி வருத்தம் மகள். இந்த வருசம் நோம்பு புடிக்கவே படாது எண்டு டொக்டர் சொல்லிட்டார். பிள்ளைகளுக்குத் தெரியா. தெரிஞ்சா மகன் கொழும்பு வேலய உட்டுட்டு வந்து பக்கத்துல குந்திக்கிருவான்." கதவு விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "வீட்டுல எண்டா அலுமாரிக்குள்ள பிஸ்கட் ஈக்கிது. பேக்குல கொண்டுவந்தத வேன்லயே முடிச்சிட்டேன். இப்ப கை நடுங்குது" என்றார்.

மஸாஹிரா ஓடிப்போய் ஒரு கிளாஸில் தண்ணீரும், குந்தி உட்கார ஒரு சின்ன ஸ்டூலும் கொண்டுபோனார். பிரிஜ் கதவு அகலத் திறந்தபடியே இருந்தது. பாதிக்கு மேல் தின்றிருந்த சப்மரீனை றலியா மடியில் வைத்துக்கொண்டு தண்ணீர் குடித்தார். நடுக்கம் மெல்ல மெல்ல அடங்கியது. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மஸாஹிராவை நிமிர்ந்து பார்த்தார்.

"மகள், இதுல உப்புப் போட மறந்துட்டீங்க."

"உப்பில்லயா? அல்ஹம்துலில்லாஹ்" என்றார் மஸாஹிரா. தன் சமையலுக்கு உப்பில்லை என்று கேட்டு ஒரு மனுஷி அவ்வளவு சந்தோஷப்பட்டதை நான் என் ஆயுளில் கண்டதில்லை. நடந்ததை மூச்சு விடாமல் சொன்னார். றீற்றாவின் கோழி குளித்த தண்ணீர் வந்தபோது றலியாவின் தோள் குலுங்கத் தொடங்கியது. பூனையின் சாட்சி வந்தபோது அவர் அபாயாத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டார். அந்தப் பெரிய உருவம் அந்தச் சின்ன ஸ்டூலில் குலுங்கிச் சிரிப்பதைப் பார்த்து, எனக்குக் கிளாஸ் கை நழுவப் பார்த்தது.

பிறகு வேலை மும்முரமாக நடந்தது. நான் பணிஸ்களைத் திறக்க, மஸாஹிரா மிளகோடு கலந்த உப்பைத் தூவ, றலியா ஒரு நுனி கிள்ளி வாயில் போட்டு, "இன்னும் கொஞ்சம்" என்றார். மறுபடி தூவினோம். மறுபடி கிள்ளினார். "இப்ப சரி. கை வைக்காதீங்க." சந்தேகத்துக்கு இன்னொரு கடி கடித்துப் பார்த்தார்.

"உம்மா, எங்க போனீங்க?" என்று ஆஸிகாவின் குரல் வாசலிலேயே கேட்டது.

றலியாவின் வாய் நிறைய இருந்தது. கையில் பாதிச் சப்மரீன். எழுந்திருக்க நேரமில்லை. மஸாஹிரா எட்டி அந்தப் பாதியை அவர் கையிலிருந்து எடுத்துத் தன் கையில் பிடித்துக்கொண்டார். மயோனிஸில் விரலைத் தொட்டுத் தன் உதட்டோரம் தடவிக்கொண்டார். ஆஸிகா உள்ளே வந்தபோது, மஸாஹிரா முந்தானையால் வாயைப் பொத்தியபடி தலை குனிந்து நின்றார். றலியா பிரிஜுக்குள் முகத்தை விட்டுத் தேசிக்காய் தேடிக்கொண்டிருந்தார்.

"மகள், குறை நினைக்காதீங்க" என்றார் மஸாஹிரா. "நான் இன்டைக்கி..." என்று இழுத்து நிறுத்தினார். ஆஸிகாவின் முகம் சிவந்தது. "ஐயோ மாமி, அதுக்கென்ன, எல்லாருக்கும் உள்ளதுதானே" என்று சொல்லி, வந்த வேகத்தில் திரும்பிப் போனாள். மகளைப் பெண் கேட்டு வந்திருப்பவர்களின் முன்னால், நோன்பில்லாமல் ஒளித்துத் தின்ற பெண் என்ற பேரை மஸாஹிரா தலையில் ஏற்றிக்கொண்டார். பிரிஜுக்குள்ளிருந்து றலியா முகத்தை எடுக்க வெகுநேரம் ஆனது. எடுத்தபோது கண்ணாடி பனி பிடித்திருந்தது. அதைக் கழற்றித் துடைத்துக்கொண்டே ஹோலுக்குப் போனார்.

மாலையில் ஆண்கள் ஹோலிலும் பெண்கள் உள்மேசையிலும் உட்கார்ந்தோம். றீற்றாவும் வந்திருந்தாள், எங்கள் இருவருக்கும் குச்சி குத்திய சப்மரீன்கள். நதா தாயின் பக்கத்தில் உட்கார்ந்து விரல்களைப் பின்னிக்கொண்டிருந்தாள். சமையலறையில் நடந்தது அவளுக்கு ஒன்றும் தெரியாது. றலியாவின் முகத்திலிருந்து எதையாவது படித்துவிட முடியுமா என்று பார்த்தபடி இருந்தாள். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

பள்ளிவாசலில் பாங்கு ஒலித்தது. ஆஸிகா ஈத்தம்பழத் தட்டோடு மேசையைச் சுற்றி வந்தாள். தாய்க்குக் கொடுத்தாள், நதாவுக்குக் கொடுத்தாள், எனக்கும் றீற்றாவுக்கும்கூட ஒவ்வொன்று தந்தாள். நோன்பில்லாதவரைச் சங்கடப்படுத்த வேண்டாமென்று மஸாஹிராவின் முன்னால் மட்டும் நிற்காமல், பார்வையை மரியாதையாக வேறு பக்கம் திருப்பிக்கொண்டு கடந்து போனாள். சஹரிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீரும் படாத மஸாஹிரா, நீட்டப்போன கையை மடிக்குள் இழுத்துக்கொண்டார்.

றலியா தன் பழத்தை வாயில் போடவில்லை. நகத்தால் அதைக் கீறினார். கீறல் மறுபக்கம் போகவில்லை. கொட்டையை எடுத்துத் தன் உள்ளங்கையில் மூடிக்கொண்டு, மேசைக்குக் குறுக்கே பெரிய கையை நீட்டிப் பழத்தை மஸாஹிராவின் வாயருகே பிடித்தார்.

"பிஸ்மி சொல்லுங்க, சம்பந்தி" என்றார்.

நதாவின் விரல்கள் பின்னல் விட்டுப் பிரிந்தன. மஸாஹிரா வாயைத் திறந்தார்.